வூஹானில் ஐந்து வாரம்: திரும்பி வந்துவிடலாமா?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. சீன அரசின் உதவித்தொகை கிடைத்து, செப்டம்பர் தொடக்கத்தில் வூஹான் வந்தேன். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் முதுநிலை படிக்கிறேன். வந்து ஐந்து வாரம் ஆகிறது. குடியிருப்பு அனுமதி கைக்கு வந்துவிட்டது. ஆனால் வங்கிக் கணக்கை, போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் இணைக்க முடியவில்லை. பெயர் பொருந்தவில்லை என்றே திரும்பத் திரும்ப வருகிறது. உதவித்தொகை கணக்கில் கிடக்க, பழம் வாங்கக்கூட அறைத்தோழியின் போனை எதிர்பார்க்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆய்வகத்தில் எல்லாரும் சீனத்தில்தான் பேசுகிறார்கள். என்னிடம் யாரும் பேசுவதில்லை. முட்டை சாப்பிடுவேன், மற்றபடி சைவம். பாதி நாள் வெறும் சோறும் தக்காளி முட்டையும்தான். வேறொரு கல்லூரியில் மருத்துவம் படிக்கும் மூன்று தமிழ்ப் பெண்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹான்கோவில் வீடு எடுத்திருக்கிறார்கள். நீயும் வந்துவிடு, சேர்ந்து சமைக்கலாம் என்கிறார்கள். வார இறுதியில் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் மணிக்கு 150 யுவான் தருவதாக, வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் குழு ஒன்றில் ஒருவர் அழைக்கிறார். கஷ்டமாக இருந்தால் வந்துவிடு என்று அம்மா போனில் அழுகிறார். நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வூஹான்

பதில்:

திரும்பி வருவதா என்ற முடிவைக் குளிர்கால விடுமுறை முடியும்வரை எடுக்க வேண்டாம். சீனாவுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். உங்கள் கடிதத்தைப் போன்றவை ஆண்டுதோறும் அக்டோபரில்தான் வரும். வந்த புதிதில் இருந்த வேடிக்கை தீர்ந்து, தேசிய தின விடுமுறையில் வகுப்புத் தோழர்கள் எல்லாம் ஊருக்குப் போய், விடுதி காலியாகக் கிடக்கும் நேரம் அது. கையில் காசு இல்லாமல், வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடாமல், நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருக்கும் ஒருவருக்கு எந்த ஊரிலும் அழுகை வரும். இந்த மூன்றில் முதலிரண்டை இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்குத்தான் நாள் பிடிக்கும். உங்கள் எதிர்காலமும் அதில்தான் இருக்கிறது என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பணம். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதுபோல, குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவும், உங்கள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து அடுத்த வரியிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். சீனாவின் கணினிகள் குடும்பப் பெயர் இல்லாத மனிதரை எதிர்பார்ப்பதில்லை. வங்கியில் ஒருவர் இரண்டு பெயரையும் இடைவெளி விட்டு அடித்திருப்பார். சிம் கார்டு கடையில் இன்னொருவர் இடைவெளி இல்லாமல் அடித்திருப்பார். மூன்றாமவர் அப்பா பெயரை முன்னால் போட்டிருப்பார். அலிபேயும், பணம் கட்டவும் பயன்படும் வீசாட்டும் இந்தப் பதிவுகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. ஒரு இடைவெளி கூடினாலும் கணக்கு இணையாது.

ஆகவே வார நாளில் காலையிலேயே, கணக்குத் திறந்த அதே வங்கிக் கிளைக்கு பாஸ்போர்ட்டோடு போங்கள். கூடவே சீனம் பேசும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். யாரை என்று பிறகு சொல்கிறேன். உங்கள் பெயர் வங்கிக் கணினியில் எப்படி இருக்கிறது என்று அச்சிட்டுத் தரச் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கைபேசி எண் கணக்கோடு பதிவாகியிருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். வங்கியில் ஒரு எண்ணும் அலிபேயில் வேறு எண்ணும் இருந்தால் பெயர் சரியாக இருந்தும் இணையாது. அடுத்து சிம் கடைக்குப் போய் அங்கேயும் பெயரை அதேபோல ஆக்குங்கள். கடைசியில் அலிபேயில் அதே பெயரை, அதே வரிசையில், அதே இடைவெளியோடு, பெரிய எழுத்தில் உள்ளிடுங்கள். வங்கி, சிம், அலிபே, வீசாட் நான்கிலும் பெயர் ஒன்றாகிவிட்டால் அந்த ஊரில் நீங்கள் பேருந்து ஏறலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், மருந்து வாங்கலாம். பிற்காலத்துக்கும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: பாஸ்போர்ட் புதுப்பித்தால் அதன் எண் மாறும், அன்றைக்கும் இதே சுற்றைச் சுற்ற வேண்டியிருக்கும்.

அதுவரை சமாளிக்க வழி இருக்கிறது. 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் நேரடியாக இணைக்கலாம். உங்கள் பெயரிலுள்ள இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு இணைத்துப் பாருங்கள். அலிபேயில் ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். பணத்தாளும் செல்லும், கடைக்காரர் அதை மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. சில்லறைக்குத் தடுமாறுவார்கள் என்பதால் சிறிய தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் அட்டையில் பணம் ஏற்ற வளாகத்திலேயே ஒரு ஜன்னல் இருக்கும். எப்படியானாலும் அறைத்தோழியிடம் கடன் சொல்லி நிற்கும் நிலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். பணத்தை விட அந்தக் கூச்சம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தில் தெரிகிறது.

மழலையர் பள்ளி வேலைக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். மாணவர் அனுமதியில் இருப்பவர், பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் குடிநுழைவு அலுவலகத்தின் பதிவும் இல்லாமல் வெளியே சம்பாதித்தால் அது சட்டவிரோத வேலை. 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமானால் 5 முதல் 15 நாள் காவல் என்று 2013இல் நடைமுறைக்கு வந்த வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டம் சொல்கிறது. நாட்டை விட்டு அனுப்பப்படவும் கூடும். உதவித்தொகை போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீசாட் குழுவில் இந்த வேலைகளைக் கொடுப்பவர்கள் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பார்கள். பிடிபடும் நாளில் அவர்கள் போன் எடுக்க மாட்டார்கள். முதுநிலை மாணவருக்கு மாதம் 3,000 யுவான் வருகிறது, விடுதி இலவசம், மருத்துவக் காப்பீடும் உண்டு. வங்கிச் சிக்கல் தீர்ந்தால் இந்த வேலையைப் பற்றிய நினைப்பே வராது. கூடுதல் வருமானம் உண்மையிலேயே தேவைப்பட்டால், வளாகத்துக்குள்ளேயே முறைப்படி கிடைக்கும் உதவியாளர் பணி உண்டா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஹான்கோ வீட்டைப் பற்றிச் சொல்வதற்குத்தான் எனக்கே மனம் கனக்கிறது. தமிழ்ப் பேச்சும் ரசமும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். அந்தப் பெண்களிடம் உறவைத் துண்டிக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை போங்கள், சமையுங்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இரவு விடுதிக்குத் திரும்புங்கள். குடிபோவது மட்டும் இந்த ஆண்டு வேண்டாம்.

நடைமுறைக் காரணங்கள் முதலில். சீனாவில் வெளிநாட்டவர் விடுதிக்கோ ஹோட்டலுக்கோ வெளியே தங்கினால், தங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு ஒப்பந்தம், உரிமையாளரின் ஆவணங்கள் எல்லாம் வேண்டும். உரிமையாளர்கள் பலர் இந்தத் தொல்லைக்கு ஒத்துழைக்க மாட்டார்கள். பதிவு செய்யாமல் இருந்து கண்டுபிடித்தால் 2,000 யுவான் வரை அபராதம். வாடகையும் மாதாமாதம் கொடுப்பதில்லை. ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை என்று மொத்தமாகக் கேட்பதே வழக்கம். விடுதியை விட்டால் உதவித்தொகைத் திட்டம் தரும் தங்குமிடப்படி மாதம் 700 யுவான். அது அந்த வாடகைக்கு எந்த மூலைக்கு? வூஹான் ஒரே ஊர்போலத் தெரிந்தாலும் ஊச்சாங், ஹான்கோ, ஹான்யாங் என்ற மூன்று ஊர்கள் யாங்சி ஆற்றையும் ஹான் ஆற்றையும் சுற்றி ஒன்றானது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதிகம் இருப்பது ஊச்சாங் பக்கம். உங்கள் வளாகமும் அங்கேதான் என்றால், தினமும் ஆற்றைக் கடந்து மெட்ரோவில் போய்வரவே உங்கள் மாலைப் பொழுது கரைந்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த மூவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. உங்கள் பிழைப்போ ஓர் ஆய்வகத்தில். மருத்துவம் படிப்பவர்கள் பெரிய குழுவாக வந்து குழுவாகவே படித்துவிட்டுப் போக முடியும். உங்களுக்கு அப்படி முடியாது. கருவி எப்போது காலியாகும், மாதிரியை யாரிடம் கொடுக்க வேண்டும், பேராசிரியர் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல் ஆய்வக வாசலில் நடக்கும் பேச்சில்தான் தெரியும். ஐந்து மணிக்கே ஹான்கோவுக்குக் கிளம்பிவிடும் மாணவிக்கு அது கிடைக்காது. இரண்டாம் ஆண்டு முடிவில் ஆய்வேடு தேங்கி நிற்கும் பிள்ளைகளிடம் பேசும்போது, அறிவுக் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஆய்வகத்தில் அவர்களுக்கு ஒரு மனிதர்கூட நெருக்கம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

உங்கள் ஆய்வகத்தில் யாரும் பேசுவதில்லை என்கிறீர்கள். பெரும்பாலான சீன மாணவர்கள் ஆங்கிலத்தை எழுதிப் படித்தவர்கள். பேசினால் தவறு வந்துவிடுமோ, அதுவும் சரளமாகப் பேசும் இந்தியப் பெண்ணின் முன்னால் வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு நிறைய. நீங்கள் தள்ளி நிற்பதைப் பார்த்து, இவள் நம்மோடு சேர விரும்பவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

சீன ஆய்வகங்களில் ஒரே பேராசிரியரின் கீழ் படிக்கும் மூத்த மாணவரை அண்ணன், அக்கா என்ற பொருளில் ஷிஷியோங், ஷிச்சியே என்று அழைப்பார்கள். நம் கல்லூரிகளில் சீனியரை அண்ணா, அக்கா என்பதுபோலத்தான். அழைப்பதோடு முடிவதில்லை, இளையவருக்கு வழிகாட்ட வேண்டியது மூத்தவரின் கடமை என்று அங்கே எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆய்வகத்தில் பொறுமைசாலியான ஒரு ஷிச்சியே இருப்பார். பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவி. அவரிடம் போய், அந்த முறை சொல்லி அழைத்து, தெளிவான ஒரு சிறு உதவியைக் கேளுங்கள்: ‘நாளை காலை வங்கிக்கு வருகிறீர்களா? என் பெயரைத் திருத்த வேண்டும்.’ வங்கிக்குத் துணையாக அழைத்துப் போகச் சொன்னது இவரைத்தான். ‘எனக்கு யாரும் நண்பர்கள் இல்லை’ என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. வங்கிக்கு வா என்றால் தெரியும். வேலை முடிந்ததும் ஒரு பால் தேநீர் வாங்கிக் கொடுங்கள். மறுவாரம் அவர் சாப்பிடப் போகும்போது உங்களையும் கூப்பிடுவார்.

கூப்பிடும் நேரம் பகல் 11.30 ஆக இருக்கும். அங்கே எல்லாம் முன்கூட்டியே. பன்னிரண்டு மணிக்குள் மதிய உணவு, பிறகு மேசையில் தலைவைத்து ஒரு குட்டித் தூக்கம், ஐந்தரைக்கு இரவு உணவு. ஒன்றரை மணிக்குச் சாப்பிடும் நம் பழக்கத்தை வைத்துக்கொண்டு போனால் கேன்டீனில் ஆறிப்போனதும் மிச்சமும்தான் கிடைக்கும், உடன் உட்காரவும் ஆள் இருக்காது. உங்கள் தக்காளி முட்டைக் கதையில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் தூக்க நேரத்தில் யாரையும் போனில் அழைக்காதீர்கள், அலுவலகத்துக்கும் போகாதீர்கள்.

அலுவலகம் என்றதும் இன்னொன்று. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள எல்லாரையும், பாடம் நடத்தாதவர்களானாலும், ஆசிரியர் என்ற பொருளில் லாவ்ஷி என்றே அழையுங்கள். வகுப்பு வீசாட் குழுவில் அறிவிப்பு வந்தால் கிடைத்தது என்ற பொருளில் ‘ஷௌதாவ்’ என்று ஒரு வார்த்தை பதில் போடுங்கள். பதில் போடாதவரைப் படிக்காதவராகவே கணக்கில் வைப்பார்கள். சீனத்தில் வரும் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். இரைச்சல் தாங்காமல் குழுவை மௌனமாக்கிவிட்டுக் கடைசித் தேதிகளைத் தவறவிட்ட மாணவர்கள் ஏராளம்.

மொழி. ‘என் படிப்பு ஆங்கிலத்தில்தானே’ என்று சீன வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். உதவித்தொகை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே சீன வகுப்பு வைத்திருக்கும். பட்டம் வாங்க எச்எஸ்கே என்ற சீனமொழித் தேர்வில் குறிப்பிட்ட நிலையைக் கேட்கும் இடங்களும் உண்டு. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: தமிழ் வாய் சீனத்துக்கு மோசமான வாய் இல்லை. சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் b, d, g என்று எழுதுவதை ஆங்கிலம் போலப் படித்துக் கெடுத்துக்கொள்கிறோம். அவை நம் பாட்டு, தாத்தா, கண் என்ற சொற்களின் முதல் ஒலிகளே. எட்டு என்பதற்கான சீனச் சொல்லை ‘பாட்டு’வின் பா போலச் சொன்னால் போதும். அதே பா, தா, காவை வாயிலிருந்து காற்று தெறிக்கச் சொன்னால் பின்யினின் p, t, k ஒலிகள் வரும். உள்ளங்கையை உதட்டருகே பிடித்துப் பழகுங்கள். மற்ற நாட்டவர் திணறும் பின்யின் r ஒலி கிட்டத்தட்ட நம் ழகரம். நான்கு தொனிகள்தான் உங்களுக்குப் புதிது. அதற்குக் குறுக்குவழி இல்லை. ஷிச்சியேவுக்குத் தினம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பதிலுக்கு அவருடைய ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலத்தைப் பார்த்துக் கொடுங்கள். உங்கள் ஆங்கிலத்துக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. மழலையர் பள்ளியை விட இங்கே கொடுப்பது மேல்.

வூஹான்காரர்கள் தங்களுக்குள் பேசுவது புரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அது வூஹான் வட்டார வழக்கு. வகுப்பில் கற்கும் பொதுச்சீனத்துக்கும் அதற்கும் தூரம் உண்டு. உங்கள் ஆய்வகத்தில் வேறு மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்கும் முதல் மாதத்தில் அது புரிந்திருக்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. சைவத்துக்குக் காலை வேளையில் வூஹான் அவ்வளவு கஞ்சத்தனமான ஊர் கிடையாது. காலை உணவைத் தெருவில் வாங்கி, நடந்துகொண்டே சாப்பிடும் ஊர் அது. அந்தப் பழக்கத்துக்கே ‘குவோ ஜாவ்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களின் பெருமை ரெகான்மியன் என்ற நூடுல்ஸ். முன்பே வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்ததைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, கெட்டியான எள் விழுது, சோயா, ஊறுகாய் முள்ளங்கி, வெங்காயத்தாள் போட்டுக் கலந்து தருவார்கள். எள்ளின் மணம் நமக்குப் புதிதில்லை. சில கடைகளில் இறைச்சி வேகவைத்த சாற்றை ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதே கடைப் பக்கத்தில் அரிசியும் சோயாவும் அரைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் சேர்த்து, நடுவில் மெல்லியதாக வட்டமாகப் பொரித்து எடுப்பது மியன்வோ. ஒரு கடி கடித்தால் நம் வடையின் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும்.

மதியத்துக்குக் கேன்டீனில் காய்கறி ஜன்னல் தனியாக இருக்கும். புளிப்பும் காரமுமாக வதக்கிய உருளைக்கிழங்குத் துருவல், கத்தரிக்காய், டோஃபு, பூசணி, பீர்க்கை வகை, பாகற்காய், கீரை வகைகள் எல்லாம் வரும். சிவப்புத் தண்டுக்கீரை சோற்றை இளஞ்சிவப்பாக்கும். அதைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வராமல் இருக்காது. ஹூபெய் மாகாணம் தாமரைக்கிழங்குக்குப் பேர்போனது. குளிர் ஏறியதும் ஊதாத் தண்டுடைய ‘ஹோங்ஷான் ட்சாய்தாய்’ என்ற கீரைத்தண்டு சந்தைக்கு வரும். ஊச்சாங் மக்கள் அதற்காகக் காத்திருப்பார்கள், நீங்களும் காத்திருங்கள்.

சிக்கல், ‘சைவம்’ என்று சொன்னால் அங்கே துண்டு போட்ட இறைச்சி இல்லை என்று மட்டும் புரிந்துகொள்வதில்தான். பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள், கோழிப்பொடி தூவியிருப்பார்கள், சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். பச்சை பீன்ஸ் பொரியலில் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். ஷிச்சியேயிடம் சொல்லிச் சீனத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், இறால், பன்றிக் கொழுப்பு, கோழிப்பொடி, சிப்பிச் சாறு வேண்டாம், முட்டை பரவாயில்லை. கேன்டீன் அம்மாவிடம் ஒரு வாரம் அதைக் காட்டினால் எட்டாவது நாள் அவரே உங்களுக்கு எதைப் போடலாம் என்று சொல்லிவிடுவார். புத்தக் கோயில்களை ஒட்டிச் சுத்த சைவ உணவகங்கள் இருக்கும். ஏதாவது ஒரு ஞாயிறு ஆய்வகத் தோழிகளை நீங்கள் அங்கே அழைத்துப் போங்கள். ஒருமுறையாவது அந்த ஊரில் நீங்கள் விருந்து கொடுப்பவராக இருக்க வேண்டும்.

பருப்பும் மிளகுத்தூளும் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் கிடைக்கும். பாசிப்பயறும் வேர்க்கடலையும் எள்ளும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். ஆனால் விடுதி அறையில் ரைஸ் குக்கரோ மின்அடுப்போ வைக்காதீர்கள். தீவிபத்துக்குப் பயந்து சோதனை போட்டு எடுத்துக்கொள்வார்கள், உங்கள் பெயரும் குறிப்பில் ஏறும். சர்வதேச மாணவர் விடுதிகள் சிலவற்றில் பொதுச் சமையலறை உண்டு. உங்கள் கட்டிடத்தில் இல்லையென்றால் பக்கத்துக் கட்டிடத்தில் உண்டா என்று கேளுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால் முதலில் வளாக மருத்துவமனை. பெரிய மருத்துவமனையில் முதலில் பதிவுச்சீட்டு, பிறகு மருத்துவர், பிறகு பணம் கட்டிவிட்டுப் பரிசோதனை என்று வரிசை போகும். பாஸ்போர்ட் கையில் வேண்டும், ரசீதுகள் எல்லாவற்றையும் காப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை எழுதி வையுங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 120, காவல் 110, தீயணைப்பு 119. விசா, அனுமதி பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் 12367 என்ற எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம். உங்கள் குடியிருப்பு அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பார்த்து, அதற்கு 30 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலாவதிக்குப் பின் தங்கினால் நாளுக்கு 500 யுவான், 10,000 யுவான் வரை அபராதம் ஏறும்.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், வகுப்புக்கே போகத் தோன்றாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை ஊர் ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களில் உளநல ஆலோசனை மையம் இருக்கும்; ஆங்கிலம் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று லாவ்ஷியிடம் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒரு நிலை வந்தால், திரும்பி வருவது பற்றி நான் மேலே சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் உங்கள் உடம்பையும் மனதையும் பாருங்கள்.

இனி அம்மா. வாட்ஸாப் அங்கே முடக்கப்பட்டது, வீசாட்டை 2020 ஜூனிலேயே இந்தியா தடைசெய்துவிட்டது. முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன், அங்கீகாரம் பெறாததாக இருந்தால், அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டதில்லை என்பதால் அதை நம்பி அம்மாவோடு பேசும் ஏற்பாட்டைச் செய்யாதீர்கள். ஒருநாள் அது அறுந்தால் திருச்சியில் இரவெல்லாம் விளக்கு எரியும். இரண்டு பக்கமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், நம் வங்கிகளின் ஓடிபிக்கு அது வேண்டும். வூஹான் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அம்மா வேலையெல்லாம் முடித்து ஒன்பது மணிக்கு அழைத்தால் உங்களுக்குப் பதினொன்றரை. களைத்துப்போய் இருக்கும் அந்த நேரத்தில் யாருக்கும் அழுகைதான் வரும். அழைப்பை நம் நேரம் மாலை ஆறரைக்கு மாற்றுங்கள். அழுது முடித்தபின் அன்று சாப்பிட்டதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு நீங்கள் இருக்கும் அறை, தெரு, கேன்டீன் எதுவும் கண்ணுக்குத் தெரியாததால்தான் பயம் பெருகுகிறது. ஷிச்சியேவை ஒருநாள் திரையில் காட்டுங்கள்.

அடுத்து வரப்போவது குளிர். வூஹான் கோடையில் உலை என்று பெயரெடுத்த ஊர். குளிர்காலத்தில் வேறு முகம் காட்டும். சீனாவில் சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்ற கோட்டுக்கு வடக்கேதான் எல்லாக் கட்டிடங்களையும் அரசே மொத்தமாகச் சூடேற்றும் முறை வளர்ந்தது. வூஹான் அந்தக் கோட்டுக்குத் தெற்கே. ஜனவரியில் ஈரக் குளிர் அறைக்குள்ளேயே வந்து உட்காரும். பெய்ஜிங்கில் படிக்கும் நண்பர் டி-ஷர்ட்டோடு அறையில் இருப்பதாகச் சொன்னால் நீங்கள் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். நவம்பர் 11ஐ ஒட்டி இணையக் கடைகளில் பெரிய தள்ளுபடி வரும். இறகு நிரப்பிய நல்ல கோட்டு ஒன்றும் உள்ளாடைச் சூடு உடைகள் இரண்டு ஜோடியும் அப்போது வாங்கிவிடுங்கள்.

குளிர்கால விடுமுறை சுமார் ஒரு மாதம், சீனப் புத்தாண்டைச் சுற்றி வரும். வளாகமே காலியாகும், கேன்டீன்களில் பெரும்பாலானவை மூடும், தெருக்கடைக்காரரும் ஊருக்குப் போய்விடுவார். ஐந்தாவது வாரத்தை விடத் தனிமை கடுமையாக இருக்கப்போகும் காலம் அதுதான், ஆகவே இப்போதே திட்டமிடுங்கள். திருச்சி வருவதானால் அலுவலகத்தில் முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குடியிருப்பு அனுமதி செல்லுபடியாகும்வரை அதை வைத்தே திரும்ப நுழையலாம். திரும்பியதும் காவல் நிலையப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமா என்று லாவ்ஷியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வூஹானிலேயே இருப்பதாக முடிவுசெய்தால், அதற்குள் ஷிச்சியேவோ வேறொரு தோழியோ ‘புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்கு வா’ என்று அழைக்கக்கூடும். தயங்காமல் போங்கள். பழக்கூடையோ, ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல தேயிலையோ எடுத்துச் சென்று இரண்டு கையாலும் கொடுங்கள்; கடிகாரம் மட்டும் பரிசாகக் கொடுக்காதீர்கள், அது அங்கே அபசகுனம். விருந்தில் மீனும் பன்றியும்தான் மேசை நிறைய இருக்கும், எனவே சைவம் என்பதைப் புறப்படும் முன்பே வீட்டாருக்குச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். புத்தாண்டு நேரத்து ரயில் டிக்கெட், விற்பனை தொடங்கிய நாளிலேயே தீர்ந்துவிடும் என்பதால் தோழியோடு சேர்ந்தே பதிவுசெய்யுங்கள். வூஹானில் பெரிய ரயில் நிலையங்கள் பல உண்டு: வூஹான், ஹான்கோ, ஊச்சாங். எதிலிருந்து வண்டி என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோழியின் ஊரிலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையப் பதிவு உண்டு, தோழியின் அப்பா கூட வருவார். பாஸ்போர்ட்டை விடுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.